டெக்சாஸா, ஃப்ளோரிடாவா? ஓய்வுக்கால வீடு தேடும் ஒரு தம்பதிக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இருவருக்கும் 64 வயது. நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் கடன் முடிந்த சொந்த வீடு. சொத்து வரி மட்டும் ஆண்டுக்கு 13,000 டாலர். அடுத்த ஆண்டு வேலையை விடப்போகிறீர்கள். மகன் டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருக்கிறார். உங்கள் மனைவிக்கு டாம்பா பிடித்திருக்கிறது: கடல், பனி இல்லாத குளிர்காலம், கல்லூரித் தோழி ஒருவர். இரண்டு மாநிலங்களிலும் வருமான வரி இல்லையே, எங்கே போனால் செலவு குறையும் என்று கேட்கிறீர்கள்.

இருபது வருடத்துக்கு மேலாக டாக்ஸ் ரிட்டர்ன் தயாரிப்பதுதான் என் வேலை. குடியிருப்பது டல்லாஸ் புறநகரில். என் அக்கா டாம்பாவில் இருக்கிறார். அத்தான் காலமான பிறகு அவருடைய வீட்டு வரி, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு மாநிலத்து பில்களும் என் மேஜைக்கு வருகின்றன. உங்கள் நிலைமைக்கு நான் டெக்சாஸைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கான காரணத்தில் வருமான வரிக்குப் பெரிய பங்கில்லை.

வருமான வரியை முதலில் பார்த்துவிடுவோம். மத்திய அரசு தரும் ஓய்வுக்காலத் தொகையான சோஷியல் செக்யூரிட்டிக்கு நியூ ஜெர்சி வரி போடுவதில்லை. அது நீங்கலாக, 62 வயது தாண்டிய தம்பதியின் மொத்த வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருந்தால், பென்ஷனிலும் 401கே, ஐஆர்ஏ என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்குகளின் பணத்திலும் ஒரு லட்சம் வரைக்கும் விலக்கு தருகிறது. நீங்கள் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எடிசனிலேயே இருந்தாலும் உங்கள் மாநில வருமான வரி கிட்டத்தட்ட பூஜ்யம்தான். அங்கே உங்களை அழுத்துவது அந்த 13,000 டாலர் சொத்து வரி. அதிலும் ஒரு பகுதியை 65 தாண்டிய வீட்டுக்காரர்களுக்குத் திருப்பித் தரும் திட்டங்கள் இருக்கின்றன. கிளம்புவதற்கு முன் அவற்றில் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்துவிடுங்கள்.

வருமான வரி இல்லாத மாநிலம் உங்களுக்கு நிஜமாகப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. 401கே பணத்தை, இப்போதே வரி கட்டிவிட்டுப் பின்னால் வரியில்லாமல் எடுக்கும் ராத் கணக்குக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், அதை மாநிலம் மாறிய பிறகு செய்யுங்கள். ஒரே ஆண்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மாற்றினால் நியூ ஜெர்சியின் அந்த விலக்கு முழுதாகப் போய்விடும். 1996இல் வந்த மத்திய சட்டப்படி, ஓய்வூதியக் கணக்குப் பணத்துக்கு நீங்கள் குடியிருக்கும் மாநிலம்தான் வரி கேட்கலாம். சம்பாதித்த மாநிலம் துரத்தி வர முடியாது. உங்கள் வயதுக்காரர்களுக்குக் கட்டாயமாகப் பணம் எடுக்க வேண்டிய வயது 75. ஆக, மாற்றிக்கொள்ள உங்களுக்குப் பத்து வருடம் இருக்கிறது. ஒரேயடியாக மாற்றாதீர்கள், மாற்றும் தொகை இரண்டு வருடம் கழித்து, 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பிரீமியத்தை ஏற்றிவிடும்.

'எக்ஸிட் டாக்ஸ்' என்று யாராவது பயமுறுத்தியிருந்தால், அது தனி வரி அல்ல. வேறு மாநிலத்துக்குப் போகிறவர் நியூ ஜெர்சி வீட்டை விற்கும்போது முன்கூட்டியே பிடித்து வைக்கும் தொகை, அவ்வளவுதான். சொந்தமாகக் குடியிருந்த வீடு, லாபம் தம்பதிக்கு உரிய ஐந்து லட்சம் விலக்குக்குள் என்றால், அதற்குரிய படிவத்தைக் கொடுத்துவிட்டால் பிடிக்க மாட்டார்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். உங்கள் முடிவு இங்கேதான் இருக்கிறது.

டெக்சாஸில் சொத்து வரி கொடுமை, ஃப்ளோரிடாவில் அதில் பாதிதான் என்று எல்லாரும் சொல்வார்கள். சராசரியைப் பார்த்தால் அது உண்மை. ஆனால் 65 வயதில் புதிதாக வீடு வாங்குகிற ஒருவருக்கு அந்தச் சராசரி பொருந்தாது.

ஃப்ளோரிடாவில் 'சேவ் அவர் ஹோம்ஸ்' என்ற ஏற்பாடு 1995 முதல் நடைமுறையில் இருக்கிறது. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 3 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் ஏறக் கூடாது. இருபது வருடமாக அங்கே இருக்கிறவருடைய பில் அதனால்தான் குறைவாக இருக்கிறது. மாநிலச் சராசரியை இழுத்துக் கீழே வைத்திருப்பவர்களும் அவர்கள்தான். வீடு கைமாறினால், அடுத்த ஜனவரி 1 அன்று வரி மதிப்பு சந்தை விலைக்குத் தாவிவிடும். விற்பவர் 2,800 டாலர் கட்டிய அதே வீட்டுக்கு வாங்கியவர் 7,000 கட்டுவது அங்கே சாதாரணம். வீட்டு விற்பனைத் தளங்களில் காட்டும் பழைய வரித் தொகையைப் பார்த்து யாரும் கணக்குப் போடாதீர்கள். கவுன்டி மதிப்பீட்டாளரின் தளத்தில், வாங்கும் விலையைக் கொடுத்துப் பார்க்கும் கணிப்பான் பெரும்பாலும் இருக்கும். அதில் வரும் தொகைதான் உங்களுக்கு.

டெக்சாஸில் வரி விகிதம் அதிகம்தான். ஆனால் 65 வயதானவருக்கு அங்கே வேறு கணக்கு. சொத்து வரியில் பெரும்பங்கு பள்ளி வரி. சொந்த வீட்டுக்குப் பள்ளி வரியில் கிடைக்கும் விலக்கு 40,000 டாலராக இருந்தது. 2023இல் 1,00,000 ஆனது. 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 ஆனது. 65 தாண்டியவர்களுக்குக் கூடுதல் விலக்கு 10,000இலிருந்து 60,000 ஆனதும் அதே நாளில்தான். ஆகமொத்தம் இரண்டு லட்சம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விகிதங்கள் ஊருக்கு ஊர் மாறும். இது மாதிரிக் கணக்குதான். வீட்டு விலை 4,50,000 டாலர். டெக்சாஸில் பள்ளி வரி 1.05 சதவீதம், நகரம், கவுன்டி, கல்லூரி எல்லாம் சேர்த்து 0.65 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி வரி இரண்டரை லட்சத்துக்கு மட்டும்: 2,625. மற்றவை முழு மதிப்புக்கு: 2,925. மொத்தம் 5,550. விலக்கு எதுவும் இல்லாதவர் 7,650 கட்டுவார். ஃப்ளோரிடாவில் அதே விலைக்கு, விலக்கு சுமார் 50,000 போக, டாம்பா வட்டாரத்தில் ஆயிரத்துக்குப் பதினேழு டாலர் விகிதம் என்று வைத்தால், 7,000 அளவில் வரும். முதல் வருடத்திலேயே டெக்சாஸில் குறைவு!

அடுத்த விஷயம் இன்னும் முக்கியம். 65 ஆன ஆண்டில் டெக்சாஸில் உங்கள் பள்ளி வரி உறைந்துவிடும். அந்த 2,625 டாலர், வீட்டைப் பெரிதாக்காத வரையில், வீட்டு மதிப்பு இரண்டு மடங்கானாலும் ஏறாது. ஒருவர் காலமானால், மற்றவருக்கு 55 வயது ஆகியிருந்தால் அதே உச்சவரம்பு தொடரும். பிற்பாடு டெக்சாஸுக்குள்ளேயே வேறு வீட்டுக்கு மாறினாலும் அந்தச் சலுகையின் விகிதத்தைக் கூடவே எடுத்துப் போகலாம். பல கவுன்டிகளும் நகரங்களும் தங்கள் பங்குக்கும் இதே உறைவைத் தருகின்றன, சில தருவதில்லை. கையில் பணமே இல்லை என்ற நிலை வந்தால், வீட்டின் பேரில் வரியைத் தள்ளிப்போட்டு, ஆண்டுக்கு 5 சதவீத வட்டியோடு பிறகு தீர்க்கவும் வழி இருக்கிறது. இதெல்லாம் தானாக வரும் என்று இருந்துவிடாதீர்கள். விண்ணப்பம் கொடுக்க வேண்டும். எழுபது வயதுவரை விண்ணப்பிக்காமலே முழு வரி கட்டிய பெற்றோர்களை நான் பார்த்திருக்கிறேன், பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கவில்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பள்ளி வரி தவிர்த்த பங்குக்கு டெக்சாஸில் இருப்பது 10 சதவீத வரம்புதான். ஃப்ளோரிடாவின் 3 சதவீதம் அதைவிட எவ்வளவோ மேல். மிக நீண்ட காலம் ஒரே வீட்டில் இருப்பவருக்கு ஃப்ளோரிடா வரி மெல்ல மெல்ல இனிக்கத் தொடங்கும். அப்புறம், டெக்சாஸின் புதிய குடியிருப்புகளில் 'மட்' என்று ஒரு வரி உண்டு: சாலை, குடிநீர், சாக்கடைக்கு வாங்கிய கடனை அங்கே குடியிருப்பவர்களே அடைக்கும் ஏற்பாடு. அது வீட்டு மதிப்பில் ஒரு சதவீதம்வரை கூடப் போகும். ஃப்ளோரிடாவில் இதே வேலையைச் செய்வது 'சிடிடி' கட்டணம். 55 வயது தாண்டியவர்களுக்கென்று கட்டும் புதிய குடியிருப்புகளில் பெரும்பாலும் இருக்கும். இரண்டு இடத்திலும் பதினைந்து வருடத்துக்கு மேலான வீடாகப் பார்த்தால் இந்தத் தொல்லை குறைவு.

வரியைவிட எனக்குக் கவலை தருவது இன்சூரன்ஸ். அக்காவின் வீட்டு பிரீமியம் 2019இல் 2,900 டாலர். 2024இல் 6,800. வீடு அதேதான், ஒருமுறைகூட கிளெய்ம் கேட்டதில்லை. நடுவில் அவருடைய கம்பெனி, கூரைக்குப் பதினாறு வயதாகிவிட்டது என்று பாலிசியைப் புதுப்பிக்கவில்லை. 24,000 டாலருக்குப் புதுக் கூரை போட்ட பிறகுதான் வேறு கம்பெனி ஏற்றுக்கொண்டது. 2022இல் வந்த சட்டம், பதினைந்து வயதுக்குக் குறைந்த கூரையை வயதை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்கிறது. பதினைந்தைத் தாண்டிய கூரைக்கு, இன்னும் ஐந்து வருடமாவது தாங்கும் என்று பரிசோதனையில் தெரிந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. 2021க்குப் பிறகு அங்கே பல கம்பெனிகள் திவாலாயின. வேறு யாரும் எடுக்காதவர்களுக்கு மாநிலமே நடத்தும் 'சிட்டிசன்ஸ்' நிறுவனத்தில் 2023இல் பாலிசிகள் பதினான்கு லட்சத்தைத் தொட்டன. 2022 டிசம்பரில் வழக்குச் செலவு விதிகளை மாற்றிய பிறகு புதிய கம்பெனிகள் வந்திருக்கின்றன. ஏற்றத்தின் வேகமும் தணிந்திருக்கிறது. இருந்தாலும், சொத்து வரிக்கு 3 சதவீத வரம்பு வைத்த மாநிலத்தில் இன்சூரன்ஸுக்கு அப்படி ஒரு வேலி இல்லை. குறிப்பிட்ட மாத வருமானத்தில் வாழ்கிறவர் பயப்பட வேண்டியது வேலி இல்லாத செலவைத்தான்.

வெள்ளத்துக்கு அந்தப் பாலிசி உதவாது என்பது பலருக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் தெரிகிறது. அது தனி. மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு கட்டடத்துக்கு அதிகபட்சம் இரண்டரை லட்சம் தரும். பொதுவாக வாங்கி முப்பது நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். 2024இல் செப்டம்பர் 26 அன்று ஹெலீன், அக்டோபர் 9 அன்று மில்டன், பதின்மூன்று நாள் இடைவெளியில் இரண்டு புயல். அக்காவின் வீடு கடலிலிருந்து பதினைந்து மைல் உள்ளே. தண்ணீர் வரவில்லை. ஐந்து நாள் கரண்ட் இல்லை. மில்டனுக்கு முன் வெளியேறலாமா வேண்டாமா என்று இரவெல்லாம் என்னோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். கேஸ் ஸ்டேஷன்களில் எரிபொருள் தீர்ந்துவிட்டது, நெடுஞ்சாலை நிரம்பி வழிந்தது, அவருக்கு 71 வயது, தனியாக ஓட்ட வேண்டும். கடைசியில் வீட்டிலேயே இருந்தார். அந்த இரவை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கடற்கரையில் கான்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, வாங்கும் எண்ணம் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2021 ஜூன் 24 அன்று மயாமி அருகே சர்ஃப்சைடில் ஒரு கான்டோ கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மூன்று மாடிக்கும் அதற்கு மேலும் உள்ள பழைய கான்டோக்களுக்குக் கட்டாயப் பரிசோதனை வந்தது. பழுதுபார்க்கும் நிதியைக் குறைவாக வைத்திருப்பதும் தடையானது. உயிரைக் காக்கும் சட்டம், அவசியமான சட்டம். ஆனால் பல கட்டடங்களில் மாதாந்தரக் கட்டணம் ஏறியிருக்கிறது. ஒரே தடவையில் பல்லாயிரம் டாலர் கேட்கும் சிறப்பு வசூலும் வந்திருக்கிறது. விலை மலிவாகத் தெரியும் பழைய கான்டோவில் அந்த மலிவுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

டெக்சாஸ் பத்திரமான இடம் என்று சொல்ல வரவில்லை. டல்லாஸ் பக்கம் ஆலங்கட்டி மழைதான் எங்கள் புயல். டென்னிஸ் பந்து அளவுக் கட்டிகள் விழுந்து தெருவே கூரை மாற்றும் வசந்த காலங்களைப் பார்த்திருக்கிறேன். காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் டிடக்டிபிள், அதாவது முதலில் நம் கையிலிருந்து போகும் பங்கு, 2 சதவீதம் என்று பாலிசியில் சின்னதாக எழுதியிருக்கும். 4,50,000 டாலருக்கு இன்சூர் செய்த வீட்டுக்கு அது 9,000. அந்தப் பணம் தனியாக வங்கியில் இருக்க வேண்டும். எங்கள் களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும், அஸ்திவாரம் நகரும். அஸ்திவாரத்தைச் சுற்றித் தண்ணீர் விடுவது இங்கே வீட்டு வேலைகளில் ஒன்று. 2021 பிப்ரவரி உறைபனியில் எங்கள் வீட்டில் இரண்டு நாள் கரண்ட் இல்லை, குழாய் வெடித்தது, அம்மாவை மூன்று போர்வைக்குள் உட்காரவைத்திருந்தோம். டெக்சாஸின் மின்கட்டமைப்பு பெரும்பாலும் மற்ற மாநிலங்களோடு இணையாதது. பக்கத்திலிருந்து கடன் வாங்க முடியவில்லை. ஹூஸ்டன் பக்கம் போனால் புயலும் வெள்ளமும் அங்கேயும் உண்டு; 2017இல் ஹார்வி, வெள்ள வரைபடத்துக்கு வெளியே இருந்த வீடுகளையும் மூழ்கடித்தது.

பங்குகள் வைத்திருப்பவர்களுக்கு டெக்சாஸில் இன்னொரு நன்மை இருக்கிறது. அதிகம் பேசப்படுவதில்லை. டெக்சாஸ் தம்பதியர் பொதுச்சொத்து முறை உள்ள மாநிலம்: மணவாழ்க்கையில் சம்பாதித்துச் சேர்த்தது இருவருக்கும் பொது. ஒரு லட்சத்துக்கு வாங்கிய பங்கு இன்று ஆறு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நியூ ஜெர்சி மாதிரி மாநிலத்தில் இருவர் பெயரிலும் இருந்து, ஒருவர் காலமானால், வரிக் கணக்கில் பாதிக்கு மட்டும்தான் வாங்கிய விலை இன்றைய விலையாக மாறும். மீதிப் பாதியில் இரண்டரை லட்சம் லாபம் வரிக்குரியதாகவே நிற்கும். பொதுச்சொத்தாக இருந்தால் முழுப் பங்குக்கும் விலை புதுப்பிக்கப்படும். மிஞ்சியவர் மறுநாளே விற்றாலும் வரி இல்லை. நியூ ஜெர்சியில் சம்பாதித்தது தானாகப் பொதுச்சொத்து ஆகிவிடாது. டெக்சாஸ் வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும். ஃப்ளோரிடாவும் 2021இல் இதற்கென ஒரு டிரஸ்ட் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் வருமான வரித்துறை அதை ஏற்குமா என்பதில் வழக்கறிஞர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. 401கே, ஐஆர்ஏ பணத்துக்கு இது எதுவும் பொருந்தாது.

மருத்துவத்தில் இரண்டும் குறைந்ததில்லை. டாம்பாவில் மாஃபிட் புற்றுநோய் மையம், ஜாக்சன்வில்லில் மேயோ. இங்கே டல்லாஸில் யூடி சவுத்வெஸ்டர்ன், ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன். மெடிகேர் எங்கும் ஒன்றுதான். மெடிகேர் கொடுக்காத பங்கைக் கட்ட அதோடு சேர்த்து எடுக்கும் மெடிகேப் பாலிசிதான் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஃப்ளோரிடாவில் அதன் பிரீமியம் தொடக்கத்திலேயே அதிகம். வயது கூடுகிறது என்பதற்காக ஏற்ற முடியாது என்பது ஆறுதல். டெக்சாஸில் குறைவாகத் தொடங்கி வயதோடு ஏறும். எங்கே போனாலும், மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பார்ட் பி தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் மெடிகேப்பை உடல்நிலை கேட்காமல் தருவார்கள். அந்த ஆறு மாதத்தை வீடு மாறும் அலைச்சலில் தவறவிட்டுவிடாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நான் டெக்சாஸ் என்று சொல்வதற்கு முதல் காரணம் ஃபிரிஸ்கோவில் இருக்கும் உங்கள் மகன். இப்போது 64இல் இருவரும் கார் ஓட்டுகிறீர்கள். 82இல் ஒருவர் மட்டும் இருக்கலாம், அவரால் ஓட்ட முடியாமல் போகலாம். ஃபிரிஸ்கோவில் டல்லாஸ் ரயில் கிடையாது. டாம்பா புறநகரிலும் பேருந்தை நம்ப முடியாது. அக்காவுக்குக் கண்புரை அறுவை நடந்தபோது கூட்டிப்போக ஆளில்லாமல் நான் விமானம் ஏறினேன். அவருடைய தோழிகள் தங்கமானவர்கள், ஆனால் அவர்களுக்கும் எழுபது. மகன் பதினைந்து நிமிடத்தில் இருந்தால், இந்த மாதிரி நாட்கள் குடும்பத்துக்குள்ளேயே கடந்துவிடும். கோவில், தமிழ்ப் பள்ளி, இட்லி மாவு எல்லாம் இப்போது இரண்டு ஊரிலும் கிடைக்கின்றன. டல்லாஸில் நம் ஆட்கள் அதிகம். சென்னைக்குப் போக டல்லாஸிலிருந்து துபாய், தோஹாவுக்கு நேரடி விமானம் உண்டு. டாம்பாவிலிருந்து என்றால் துபாய் விமானத்துக்கு ஆர்லாண்டோ போய் ஏற வேண்டும்.

மகன் டல்லாஸில் இல்லாமல் அட்லாண்டாவிலோ ஆர்லாண்டோவிலோ இருந்திருந்தால் ஃப்ளோரிடா என்றே சொல்லியிருப்பேன், உள்நாட்டில், 2002க்குப் பிந்தைய கட்டட விதிப்படி கட்டிய, புதுக் கூரை போட்ட வீடாகப் பார்க்கச் சொல்லி. மூட்டுவலிக்காரர்களுக்கு அந்த மாநிலத்து ஜனவரி ஒரு வரம். தினமும் வெளியே நடக்க முடிவது எழுபதுகளில் சின்ன விஷயம் இல்லை. உங்கள் மனைவியின் ஆசையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மகன் பக்கத்தில் வீட்டை வைத்துக்கொண்டு, சொத்து வரியில் மிச்சமாகும் பணத்தில் ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதம் டாம்பாவில் வாடகைக்கு இருந்துவிட்டு வரலாம். அக்காவைப் பார்க்க நாங்கள் போகும்போது அப்படித்தான் செய்கிறோம்.

எடிசன் வீட்டை இப்போதே விற்பனைக்குப் போட்டுவிடாதீர்கள். வரும் ஆகஸ்டில் ஃபிரிஸ்கோவில் மூன்று வாரம், டாம்பாவில் மூன்று வாரம் வாடகைக்கு இருங்கள். பிப்ரவரியில் எல்லா ஊரும் அழகு. ஆகஸ்டில் டல்லாஸ் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும், டாம்பாவில் மதியம் தவறாமல் இடி இடிக்கும். பிடித்த வீட்டுக்கு விலை பேசும் முன்பே இன்சூரன்ஸ் கொட்டேஷன் வாங்குங்கள். கூரை போட்ட ஆண்டு, வெள்ள மண்டலம், மட் அல்லது சிடிடி பாக்கி மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அந்த மூன்று வாரத்தில் ஒருநாள், உங்களில் ஒருவர் மட்டும் காரைத் தொடாமல், மருந்துக் கடைக்கும் ஒரு டாக்டரின் கிளினிக்குக்கும் கோவிலுக்கும் போய்த் திரும்பிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆனது, யாரை அழைக்க வேண்டியிருந்தது என்று குறித்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். அடுத்த கணக்கை அதிலிருந்து தொடங்குவோம்.